காசில்லாதவர் வழக்கு: எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சீனியர், ஜூனியர் எல்லாரும் சேர்ந்து 7 வக்கீல்கள், 2 குமாஸ்தாக்கள். ஃபீஸ் கட்ட வழியில்லாதவர்களின் வழக்குகளையும் நடத்துகிறோம். அதற்காக வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்பார்கள், சிலவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நிஜமாவே ஃபீஸ் வேண்டாமா? கடைசியில் ஏதாவது கேட்பீர்களா?

வேண்டாம். வழக்கு ஆரம்பிக்கும்போதும் கேட்க மாட்டோம், முடிந்த பிறகும் கேட்க மாட்டோம். ‘ஜெயித்தால் வருகிற பணத்தில் இத்தனை பங்கு’ என்ற பேச்சும் கிடையாது. இலவச வழக்கு மட்டுமல்ல, எந்த வழக்கிலுமே அப்படிப் பங்கு பேசுவது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கு விரோதம். யாராவது உங்களிடம் அப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் ஃபீஸ் வேறு, செலவு வேறு. கோர்ட் ஸ்டாம்பு, சம்மன் பேட்டா, நகல் மனு, டைப்பிங், ஜெராக்ஸ் என்று ஒவ்வொரு வழக்குக்கும் சில்லறைச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். முடியாதவர்களுக்கு அலுவலகமே போட்டுக்கொள்ளும். எவ்வளவு போட்டோம் என்று வழக்குக் காகிதக் கட்டின் உள் அட்டையில் எழுதிவைப்போம். அது எங்கள் கணக்குக்கு, உங்களிடம் வசூலிக்க அல்ல. கோர்ட் ஸ்டாம்புத் தொகை பெரிதாக வரும் சொத்து வழக்கு என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வறியவர் வழக்கு என்று ஒரு வழி இருக்கிறது. ‘பாப்பர் மனு’ என்று கோர்ட்டில் சொல்வார்கள். கோர்ட் அனுமதித்தால் முன்கூட்டி ஸ்டாம்பு கட்டாமலேயே வழக்கை நடத்தலாம்.

அரசாங்கமே இலவச வக்கீல் தருகிறதே, உங்களிடம் ஏன் வர வேண்டும்?

நல்ல கேள்வி. பல பேரை நாங்களே அங்கேதான் அனுப்பிவைக்கிறோம்.

ஏழை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976-ல் அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9-ல் அமலானது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமானம் ஒரு தடையே இல்லை. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு சேலம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. ஆத்தூர், மேட்டூர், சங்ககிரிப் பக்கத்து ஆட்கள் அங்கங்கே உள்ள வட்டக் குழுவுக்குப் போகலாம். வீட்டில் இருந்தபடி கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

அங்கே வக்கீலுக்கு அரசு பணம் தருகிறது, இங்கே யாரும் தருவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். வரம்புக்குக் கொஞ்சம் மேலே சம்பாதித்தும் ஒரு வழக்கைத் தாங்க முடியாத குடும்பங்கள் சேலத்தில் ஏராளம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கப் பொடி வைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இலவச வழக்குக்காக வருபவர்களை நாங்கள் பார்க்கும் சனிக்கிழமைகளில் எங்கள் பெஞ்சில் உட்காருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

எல்லா வழக்கையும் எடுப்பீர்களா?

மாட்டோம். எதிர்த்தரப்பு ஏற்கெனவே எங்கள் கட்சிக்காரர் என்றால் எடுக்க முடியாது. இன்னொருவரைப் பழிவாங்கப் போடும் வழக்கும் வேண்டாம். வசதி இருந்தும் ஃபீஸை மிச்சம் பிடிக்க வருகிறவர்களும் உண்டு, பேசினால் அரை மணியில் தெரிந்துவிடும். எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். ‘பார்க்கலாம், அப்புறம் வாங்க’ என்று இழுப்பதுதான் ஏழைக்குச் செய்யும் பெரிய கெடுதல், அதற்குள் கெடு தாண்டிவிடும்.

ஓசி கேஸ் என்றால் ஏனோதானோ என்றுதானே நடக்கும்?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் அதிகம். அந்தச் சந்தேகம் நியாயமானது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒருமுறை எங்கள் அலுவலகத்திலேயே அப்படி நடந்திருக்கிறது.

பல வருஷத்துக்கு முன் கொலுசு வேலை செய்யும் ஒருவர் வந்தார். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக் கடன் கொடுத்தவர், பின்னால் வேறு தொகையை எழுதி வழக்குப் போட்டிருந்தார். வக்காலத்து போட்டோம். அடுத்த வாய்தாவை அலுவலக டைரியில் ஏற்றாமல், கட்டின் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டில் எழுதிவைத்தார் ஜூனியர். ஃபீஸ் கேஸ்கள் மட்டும் டைரியில், இலவச கேஸ்கள் சீட்டில் என்று எப்போதோ ஒரு பழக்கம் வந்திருந்தது. யாரும் சொல்லி வந்ததில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. வாய்தாவுக்கு யாரும் போகவில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டது.

அமீனா அவர் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஜப்திக்கு எழுதத் தொடங்கிய சாமான்களில் அவருடைய கம்பி இழுக்கும் பட்டறைச் சாமானும் இருந்தது. நல்லவேளையாக, கைவினைஞரின் தொழில் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லி முதலில் கருவிகளைக் காப்பாற்றினோம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடு தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில், தவறு கட்சிக்காரருடையது அல்ல, எங்கள் அலுவலகத்துடையது என்று என் பெயரிலேயே அஃபிடவிட் போட்டேன். செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு கோர்ட் ஒத்துக்கொண்டது. அந்தத் தொகையை நான் கட்டினேன். வழக்கு மறுபடி நடந்து சமரசத்தில் முடிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. ‘சும்மா பாக்கறீங்க, நான் என்னங்க சார் கேக்க முடியும்’ என்றார். இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான். காசு கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பார். காசு கொடுக்காததால், கேட்கும் உரிமையே தனக்கு இல்லை என்று நினைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களிடம் டைரி ஒன்றுதான். கட்டின் அட்டை நிறத்தில்கூட வித்தியாசம் கிடையாது. கட்டைப் பார்த்து எது இலவசம் என்று எங்கள் குமாஸ்தாவால் சொல்ல முடியாது, உள் அட்டையைத் திறந்தால்தான் தெரியும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றே வழக்கு எண், அடுத்த வாய்தா, நடத்தும் வக்கீலின் பெயர், அவருடைய போன் எண் நான்கையும் ஓர் அட்டையில் எழுதி உங்கள் கையில் தருவோம். வாய்தாவுக்கு மறுநாள் போன் செய்து என்ன ஆச்சு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கினால் நேராக என்னிடம் வாருங்கள்.

நாங்கள் ஏற்காட்டு மலையில் இருக்கிறோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இறங்கி வர முடியுமா?

ஒரு நாள் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு வேறு. நாகலூர், மாரமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு ஏற்காடு வந்து சேருவதே ஒரு பயணம். அதனால் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் மேலே வருகிறோம். சாட்சி சொல்லும் நாள் தவிர மற்ற பெரும்பாலான வாய்தாக்களுக்குக் கட்சிக்காரர் நேரில் நிற்க வேண்டியதில்லை. சிவில் வழக்கில் வக்கீல் போனால் போதும். கிரிமினல் வழக்கில் மனுப் போட்டு விலக்குக் கேட்கலாம்.

மலையில் எங்களுக்கு வரும் வேலையில் பாதி கோர்ட் வேலையே அல்ல. சாதிச் சான்றும் நில உரிமையும்தான் அதிகம்.

சேலம் மாவட்டத்து மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெளியூரில் படிக்கப் போன ஒரு பெண்ணின் சான்றிதழைப் பார்த்து, ‘மலையாளி எப்படி எஸ்.டி. ஆகும்?’ என்று சேர்க்கையை நிறுத்திவைத்திருந்தார்கள். பட்டியலில் சேலம் உட்பட எந்தெந்த மாவட்டத்து மலையாளிகள் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை வைத்து ஒரு கடிதம் எழுதினோம். 10 நாளில் வேலை முடிந்தது. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தாத்தா, அப்பா, சித்தப்பா யாருக்காவது பழைய சான்று இருந்தால் அதைத் தேடி எடுங்கள், பள்ளி டி.சி.யையும் எடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘வாய்மொழியா இல்லைன்னுட்டாங்க’ என்று வந்தால் மேல்முறையீட்டுக்குப் பிடி கிடைக்காது.

நில உரிமைக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், உண்மையில் அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். உரிமைப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. மனு கிராம சபையில்தான் தொடங்கும், கோர்ட்டில் அல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சான்று பற்றிய விதி. கையில் காகிதம் இல்லாத மக்கள் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவைத்தால் அதுவும் சான்று. வீடு, கட்டிய வரப்பு, சமன்படுத்திய மேடு, பழைய கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், இவையும் சான்று. ஒரு பாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பலா மரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று கல்லைக் காட்டினார். ‘இதுதான் எங்க மாமியார் கும்பிட்ட சாமி, அவங்க மாமியாரும் இங்கதான் பொங்க வெச்சாங்க.’ அந்தக் கல்லைப் படம் எடுத்து, நிலத்தின் வரைபடத்தில் குறித்து, அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதிச் சேர்த்தோம். அடுத்த வருஷம் அந்த வீட்டு வாசலில் பாட்டி உரிமைப் பட்டாவைப் பிரித்துக் காட்டினார். மருமகளின் பெயர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

மலைப் பாதையில் வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஈட்டுத்தொகை உண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் இது நடக்காத விஷயமல்ல, இருந்தும் இப்படி ஒரு திட்டம் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவமனைக் காகிதமும் முக்கியம்.

ஸ்டேஷனில் புகாரையே வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராவிட்டால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். சேலம் நகரத்துக்குள் என்றால் கமிஷனருக்கு. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆம் பிரிவு இந்த வரிசையைச் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு அதன் நகல் இலவசம்.

மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது சோறு போடுவதில்லை.

அம்மா, ஐயா, முதலில் ஒன்று: இதற்கு வெட்கப்படாதீர்கள். இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீலே தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தான செட்டில்மெண்ட் என்றால், கவனிக்காதபோது அதை ரத்து செய்யவும் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் வழக்கின் உயிர். எனவே பத்திரத்தின் நகலோடு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம். இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வந்து காட்டுங்கள். அந்த ஒரு வரியைச் சேர்க்க 5 நிமிஷம் போதும்.

முன்பணம் வாங்கிவிட்டோம். கடன் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது என்கிறார்கள்.

முன்பணம் வாங்குவது குற்றமல்ல. அதைக் காட்டி உங்களை வெளியே போக விடாமல் வைப்பதுதான் குற்றம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. தறிக்கூடமானாலும் செங்கல் சூளையானாலும் சட்டம் ஒன்றுதான். பூட்டிய அறையும் சங்கிலியும் இருந்தால்தான் கொத்தடிமை என்று பல பேர் நினைக்கிறார்கள். வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும் சுதந்திரம் இல்லை என்றாலே போதும். கலெக்டர் அல்லது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுத்தால் அந்தக் கடன் அதோடு செல்லாது. இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் நீங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டாம், போன் போதும். வருவதை யாராவது பார்த்தால் உங்களுக்குத் தொந்தரவு, நாங்கள் வருகிறோம்.

கோர்ட்டுக்கு வெளியே என்ன செய்கிறீர்கள்?

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஜூனியர் ஒருவர் அங்கே உட்கார்ந்து எழுதித் தருவார். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, கேட்பது என்ன என்பது முதல் மூன்று வரியில் வந்துவிட வேண்டும் என்பது அவருக்கு நாங்கள் வைத்த விதி. பள்ளிகளுக்குப் போய் குழந்தைத் திருமணம், போக்சோ பற்றிப் பேசுகிறோம். சட்டக் கல்லூரி மாணவர்கள் வந்து உதவலாம். சான்றிதழுக்காக ஒரு வாரம் என்றால் வேண்டாம், ஒரு வழக்கை முதல் வாய்தாவிலிருந்து கூட இருந்து பார்ப்பவர் வரட்டும்.

இதெல்லாம் விளம்பரம்தானே?

வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. அதனால்தான் இங்கே அலுவலகப் பெயரும் என் பெயரும் போடவில்லை. இலவச வழக்கு நடத்துவதும் அதே மன்றத்தின் விதியில் இருக்கிறது. ஃபீஸ் கட்ட முடியாவிட்டாலும் வக்கீல் தேவைப்படுபவர் சட்ட உதவிக்கு உரியவர், தன் வசதிக்குள் ஏழைக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று 46-ஆம் விதி சொல்கிறது. ஆக, நாங்கள் செய்வது தர்மம் அல்ல. தொழிலின் ஒரு பாதி.

இந்த ஊர் வக்கீல்களிடம் அந்த நினைப்பு எப்போதும் இருந்திருக்கிறது. 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான சேலம் விஜயராகவாச்சாரியார் இங்கே வக்கீலாக இருந்தவர். பின்னால் 1920-ல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். கூண்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் வாதாடிய ஊர் இது. புதிதாகச் சேரும் ஜூனியர்களிடம் நான் தவறாமல் சொல்வது அவர் கதையைத்தான்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இருக்கிற எல்லாக் காகிதமும். எது வேண்டும், எது வேண்டாம் என்று வீட்டில் பிரிக்காதீர்கள். அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முக்கியமாக, கோர்ட்டிலிருந்தோ வக்கீலிடமிருந்தோ வந்த தபாலின் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். என்றைக்குக் கைக்கு வந்தது என்பது அந்த முத்திரையில்தான் இருக்கும். சிவில் வழக்கில் சம்மன் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. செக் வழக்கு நோட்டீஸ் என்றால் பணம் கொடுக்கக் கெடு 15 நாள்தான். கெடுவை நாங்கள் அந்த உறையிலிருந்துதான் எண்ணத் தொடங்குவோம்.

சனிக்கிழமைதான் வர வேண்டுமா? என் வாய்தா நாளைக்கு.

நாளை வாய்தா என்றால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். இன்று இரவே கூப்பிடுங்கள், 9 மணி வரை ஒருவர் அலுவலகத்தில் இருப்பார். இரவு முடியாவிட்டால் காலை 9 மணிக்குச் சம்மனோடு வந்துவிடுங்கள். வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, டைரியில் ஏற்றிவிட்டு, கோர்ட் கூடும் 10.30-க்குள் எங்களில் ஒருவர் உங்களோடு நடந்து வருவார்.